தனியுரிமை வேண்டுமென்றால் முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள்

போன் கடைகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒரு வரி உண்டு: "128 ஜிபி போதும் சார், மீதியெல்லாம் கிளவுட்ல போயிடும்." கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, வந்தவரின் பட்ஜெட்டுக்குள் வியாபாரத்தை முடித்துக் கொடுக்கப் பார்க்கிறார். ஆனால் நம் அந்தரங்கம் கைமாறும் இடம் அந்த வரிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இடம் பத்தாத போனை வைத்திருப்பவர் எவ்வளவு ஜாக்கிரதையான ஆளாக இருந்தாலும், ஒரு கட்டத்தில் தன் படங்களையும் பேப்பர்களையும் யாரோ ஒருவருடைய சர்வரில் கொண்டுபோய் வைத்துத்தான் ஆகவேண்டும். அதனால் "பிரைவசிக்கு எந்த போன் நல்லது?" என்று யாராவது கேட்டால், பிராண்டு பெயர் சொல்வதற்கு முன்னால் எத்தனை ஜிபி எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் போனில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று ஒருநாள் கேலரியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். ஆதார், பான், ரேஷன் கார்டு, பட்டா, சிட்டா, வீட்டுப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கமும், பிள்ளையின் மார்க் ஷீட், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், நகைக்கடன் ரசீது, பாஸ்புக்கின் முதல் பக்கம். யாரோ வாட்ஸ்அப்பில் கேட்டார்கள் என்று எடுத்து அனுப்பியது எல்லாம் அங்கேயே இருக்கிறது. முன்பு பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்த காகிதங்கள் இவை. இப்போது இவற்றின் நகல் எங்கே போகிறது என்பதை, போனில் காலியாக இருக்கும் இடத்தின் அளவு முடிவு செய்கிறது.

எப்படி என்றால், கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி 2021 ஜூன் 1 அன்று முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப்பும் அந்த 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. போனில் இடம் தீர்ந்ததும் "இடத்தைக் காலி செய்" என்று ஒரு பட்டன் வரும், அதை அமுக்கினால் போனில் இருந்த பிரதி அழிந்து, மேலே ஏறிய பிரதி மட்டும் மிஞ்சும். கொஞ்ச நாளில் அந்த 15 ஜிபியும் நிறையும், மாதா மாதம் பணம் கட்டச் சொல்லும். அந்த நேரத்தில் நம் படங்களின் ஒரே பிரதி அவர்களிடம்தான் இருக்கும், கட்டாமல் என்ன செய்வோம்?

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் ஒரு செய்தி வந்தது. தன் சின்னப் பையனுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்கு அனுப்புவதற்காக ஒரு தந்தை படம் எடுக்கிறார். படம் தானாக கிளவுடில் ஏறுகிறது. அங்கே இருக்கும் தானியங்கி முறை அதைக் குழந்தைகளுக்கு எதிரான குற்றப்படம் என்று கணித்து, அவருடைய கூகுள் கணக்கை மொத்தமாக முடக்குகிறது. மெயில், காண்டாக்ட், பல வருடப் படங்கள் எல்லாம் போயின. போலீஸ் விசாரித்து இவர் மீது தப்பே இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் படம் போனிலேயே தங்கியிருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. அதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் போன் வாங்கினாலும் தானாக மேலே ஏறும் வசதியை நிறுத்திவிட்டுத்தான் கையில் கொடுக்கிறேன், அப்படி நிறுத்தி வைக்க உள்ளே இடம் வேண்டும்.

இடம் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் இருந்தவர்களுக்கு, டவர் விழுந்தால் போன் எந்த அளவுக்குப் பயனற்றதாகிவிடும் என்பது நன்றாகத் தெரியும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டிலும் மணிப்பூரில் 2023 மே மாதத்திலும் இணையத்தை அரசே நிறுத்தியது, எப்போது திரும்பும் என்று தெரியாமல் மாதக்கணக்கில் மக்கள் இருந்தார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம், வால்பாறை ஏறும்போதோ கொல்லிமலை வளைவுகளிலோ சிக்னல் வந்து வந்து போகிறது. வழி பார்க்கும் மேப், மருத்துவக் காகிதம், படிக்கவேண்டிய புத்தகம், குழந்தைக்குப் போட்டுக்காட்டும் பாட்டு எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கிறவருக்கு அப்போது கவலை குறைவு. அதோடு, போனுக்குள் இருக்கும் புத்தகத்தை நீங்கள் எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று எந்த சர்வரும் குறித்து வைப்பதில்லை. ஆஃப்லைனும் தனியுரிமையும் எனக்கு ஒரே விஷயமாகத் தெரிவது இதனால்தான்.

சரி, எவ்வளவு இடம்? கணக்கு போட்டுப் பார்ப்போம். 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் இரண்டு மணி நேரம் ஓடினால் 15 ஜிபி. அதாவது கூகுள் தரும் மொத்த இலவச இடமும் ஒரே சாயங்காலத்தில் காலி. 4கே என்றால் நிமிடத்துக்கு 350 எம்பி வரை போகும். பாட்டு அவ்வளவு இல்லை, நல்ல தரமான 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஆயிரம் பாட்டு வைத்தாலும் 12 ஜிபி பக்கம்தான் வரும். தமிழ்நாடு முழுக்க ஆஃப்லைன் மேப் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். புத்தகங்கள் இன்னும் சிறியவை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் 1998-லிருந்து ஏற்றி வைத்திருக்கும் இலக்கியங்களில் வேண்டியதையெல்லாம் இறக்கி வைத்தாலும் போன் அசையாது. விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைக்க கிவிக்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் ஆங்கில விக்கி படங்களோடு 100 ஜிபிக்கு மேல், தமிழ் விக்கி அதில் ஒரு சிறு பங்குதான்.

இதெல்லாம் போக பல போன்களில் சிஸ்டமே 15, 20 ஜிபியை விழுங்கிக்கொள்கிறது. வாட்ஸ்அப் தன் பங்குக்கு வருடத்துக்கு வருடம் வீங்கும். மெமரி விளிம்பு வரை நிறைந்த போன் மெதுவாகிவிடும் என்பதால் கொஞ்சம் காலியாகவும் விட்டாகவேண்டும். ஆகவே என் கணக்கில் 256 ஜிபி என்பது குறைந்தபட்சம். வீடியோ நிறைய எடுப்பவர்கள் 512 ஜிபி பாருங்கள். கேமராவில் ஒரு படி குறைந்த மாடலை எடுத்தாவது, அதில் பெரிய ஸ்டோரேஜை எடுங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். ரேம் 8 ஜிபியா 12 ஜிபியா என்று பேசுகிற நேரத்தை இதற்குச் செலவிடலாம்.

அப்புறம் அடுத்த பாதி, போன் தானாக வெளியே என்ன அனுப்புகிறது என்பது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-ல் இதை அளந்து பார்த்தார். ஆண்ட்ராய்டு போன், ஐபோன் இரண்டையும் சும்மா மேசையில் வைத்து, தகவல் அனுப்பவேண்டாம் என்று செட்டிங்ஸில் அணைத்தும் வைத்து, என்ன போகிறது என்று பார்த்தால், சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டுமே தங்கள் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தன. அதே வருடத்தின் பிற்பகுதியில் சாம்சங், சியோமி, ஹுவாவே, ரியல்மி போன்களையும் ஆண்ட்ராய்டை மாற்றி அமைத்த லீனேஜ் ஓஎஸ், /இ/ ஓஎஸ் இரண்டையும் (ஓஎஸ் என்றால் போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வைத்து இன்னொரு ஆய்வு. அதில் /இ/ ஓஎஸ் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே கணிசமாக அனுப்பிக்கொண்டிருந்தன, போனோடு முன்கூட்டியே வரும் ஆப்கள் வழியாக மூன்றாம் ஆட்களுக்கும் போனது. அழிக்கவே முடியாத அந்த ஆப்களைத்தான் நாம் "ஏதோ கூட வந்திருக்கு" என்று விட்டுவிடுகிறோம்.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல் ஆரம்பிக்கிறது. தனியுரிமையில் இன்று நான் முதலிடம் கொடுப்பது, ஆண்ட்ராய்டிலிருந்து உருவாக்கிய, நாமே போனில் போட்டுக்கொள்ளும் கிராஃபீன் ஓஎஸ்ஸுக்கு. பல வருடங்களாக அதைப் போட்டுக்கொள்ள முடிந்தது கூகுளின் பிக்சல் போன்களில் மட்டும்தான். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் போனையே வாங்குவதா என்று கேட்பார்கள். காரணம் தெளிவானது: வேறு ஓஎஸ்ஸைப் போட்டுவிட்டு பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் பகுதியை, திரும்பப் பூட்ட பிக்சல் இடம் கொடுக்கிறது. அப்படிப் பூட்டினால்தான் நம் சிஸ்டத்தை வேறு யாரும் நமக்குத் தெரியாமல் மாற்றவில்லை என்பதை போன் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் சரிபார்க்கும். பிக்சல் 8 முதல் ஏழு வருட அப்டேட்டும் உண்டு. கிராஃபீனில் எந்த ஆப்புக்கும் இணைய அனுமதியையே எடுத்துவிடலாம். கால்குலேட்டருக்கு எதற்கு நெட்? கேலரி முழுவதையும் கேட்கும் ஆப்புக்கு ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டி, "இவ்வளவுதான் இருக்கிறது" என்று நம்ப வைக்கலாம். காண்டாக்ட் பட்டியலையும் அப்படியே. கூகுள் பிளே தேவைப்பட்டால் அதை எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லாத ஒரு சாதாரண ஆப்பாகப் போட்டுக்கொள்ளலாம். குறிப்பிட்ட நேரம் திறக்காமல் இருந்தால் போன் தானே ரீஸ்டார்ட் ஆகி, உள்ளே இருப்பதெல்லாம் முழுப் பூட்டுக்குத் திரும்பிவிடும்.

ஆனால் பிக்சலில் மெமரி கார்டு போட இடம் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. ஆகவே வாங்கும் அன்றே உள் ஸ்டோரேஜ் எவ்வளவு என்று முடிவு செய்துவிடவேண்டும், பிறகு கூட்ட முடியாது. பிக்சல் 9ஏ இந்தியாவில் 256 ஜிபியில்தான் வந்தது, நடுத்தர விலையில் நான் காட்டுவது அதைத்தான். பழைய போன் வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள்: அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த, வெரைசான் என்ற அங்கத்திய சிம் கம்பெனி விற்ற பிக்சலாக இருந்தால் பூட்லோடரைத் திறக்கவே முடியாது. செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் போய் "ஓஇஎம் அன்லாக்கிங்" என்ற சுவிட்சை, வைஃபையில் இணைத்துவிட்டு, கடையில் வைத்தே தட்டிப் பாருங்கள். மங்கலாக, அமுங்காமல் இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். அது அமுங்கினால் மற்றதெல்லாம் சுலபம். கம்ப்யூட்டரில் குரோம் வகை பிரவுசரைத் திறந்து, கேபிளைச் செருகி, அவர்கள் தளத்தில் வரிசையாகச் சொல்வதைச் செய்தால் முடிந்தது.

கார்டு இடமும் வேண்டும், நீண்ட நாள் அப்டேட்டும் வேண்டும் என்றால் இந்தியாவில் இன்று மிஞ்சுவது பெரும்பாலும் சாம்சங்கின் கீழ்நிலை ஏ வரிசை. ஏ16 5ஜி, ஏ17 5ஜி, ஏ26 இவற்றில் கார்டு போடலாம், ஆறு வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதே வரிசையில் விலை கூடிய ஏ36, ஏ56-ல் கார்டு இடத்தை எடுத்துவிட்டார்கள். எஸ் வரிசையில் 2021-ல் எஸ்21 வந்தபோதே எடுத்தாயிற்று. பணம் அதிகம் கொடுத்தால் இடம் கூட்டும் உரிமை போய்விடுகிறது என்ற இந்த நிலை எனக்குக் கோபத்தைத் தருகிறது. அந்த இடத்தைப் பிடுங்கியதால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், பெரிய ஸ்டோரேஜ் மாடலையும் கிளவுட் சந்தாவையும் விற்பவர்களுக்குத்தான். ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: ஃபேர்போன் 5. உள்ளே 256 ஜிபி, 2 டிபி வரை கார்டு, கையாலேயே கழற்றி மாட்டும் பேட்டரி, /இ/ ஓஎஸ் போட்டே வாங்கலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் கிராஃபீன் அளவுக்குச் சூட்டோடு சூடாக வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்தியாவில் அது அதிகாரபூர்வமாக விற்பனையில் இல்லை, வரவழைத்தால் சர்வீஸ் கிடைக்காது.

ஐபோனைப் பற்றிச் சுருக்கமாக. அதிலும் கார்டு கிடையாது. 2025-ல் வந்த ஐபோன் 17 256 ஜிபியில்தான் தொடங்குகிறது, நல்ல விஷயம். ஐகிளவுடில் வைப்பதில் பெரும்பகுதியை ஆப்பிளே பார்க்க முடியாதபடி பூட்டும் அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன் வசதி 2022 டிசம்பரில் வந்தது, ஆனால் அது தானாக ஆன் ஆகாது, நாமே போய் ஆன் செய்யவேண்டும். பிரிட்டனில் அரசின் நெருக்கடிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அந்த வசதியை ஆப்பிள் விலக்கிக்கொண்டது. அடுத்தவர் சர்வரில் வைத்த பூட்டின் ஆயுள் அடுத்தவர் கையில் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

மெமரி கார்டு இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்கவேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் போனின் உள் ஸ்டோரேஜ் என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது சங்கேதமாக மாற்றிப் பூட்டியது, பின் நம்பர் தெரியாமல் அதைப் படிக்க முடியாது. கார்டு அப்படி இல்லை. வழக்கமான முறையில் போட்ட கார்டைப் போனிலிருந்து உருவி ஐம்பது ரூபாய் ரீடரில் செருகினால் எல்லாமே திறந்து கிடக்கும். போனுக்கு எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பயனில்லை. சாம்சங்கில் கார்டையும் என்கிரிப்ட் செய்யும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. செய்தால் அந்தக் கார்டு அந்தப் போனில் மட்டும்தான் திறக்கும், போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் கார்டில் இருப்பதும் போச்சு. 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்த, கார்டையே உள் மெமரியாகச் சேர்க்கும் வசதி சில போன்களில் உண்டு. கார்டின் வேகம் உள் மெமரிக்கு அருகில்கூட வராது என்பதால் போன் முழுவதுமே தடுமாறும், நான் பரிந்துரைக்கமாட்டேன். எனவே என் வழி இது: பாட்டு, சினிமா, மேப், புத்தகம், விக்கி போல யார் பார்த்தாலும் பரவாயில்லை என்கிறவை கார்டில். முகங்களும் காகிதங்களும் உள்ளே. கார்டில் ரகசியமானதை வைத்தே தீரவேண்டும் என்றால் கிரிப்டோமேட்டர் மாதிரி ஒரு ஆப்பில் பெட்டகம் உருவாக்கி அதற்குள் வையுங்கள்.

இரட்டை சிம் வைத்திருப்பவர்கள் தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஹைபிரிட் ஸ்லாட்தான், இரண்டாவது சிம் அல்லது கார்டு, இரண்டில் ஒன்றுதான் போகும். கார்டில் ஏ1, ஏ2 என்று போட்டிருப்பது ஆப் வேகத்துக்கு, வி30 என்பது நொடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும் என்பதற்கு. பாட்டும் புத்தகமும் வைக்க இதெல்லாம் பெரிதாகத் தேவையில்லை. தேவையானது உண்மையான கார்டு. 1 டிபி என்று அச்சடித்து ஐநூறு ரூபாய்க்கு வருவது எல்லாம் போலி. உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், ஆனால் போனிடம் 1 டிபி என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். முதல் 32 ஜிபி வரை ஒழுங்காக வேலை செய்யும், அதன் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், பெயர் மட்டும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். கார்டு கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு ராத்திரி இதை ஓடவிடுங்கள்.

இனி யுபிஐ. இதைச் சொல்லாமல் இந்தியாவில் பிரைவசி போன் பேச முடியாது. பல வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையை நடத்தி, போனில் இருப்பது அசல் கம்பெனி ஆண்ட்ராய்டுதானா என்று பார்க்கின்றன. கிராஃபீனில் சில வங்கி ஆப்கள் ஓடுகின்றன, சில திறக்க மறுக்கின்றன. இன்று ஓடியது அடுத்த அப்டேட்டில் நின்றுவிடவும் கூடும். பாதுகாப்பில் மிக உறுதியான ஒரு சிஸ்டத்தை ஒதுக்கிவிட்டு, பல வருடங்களாக அப்டேட்டே வராத போனை "அசல்" என்று ஏற்றுக்கொள்ளும் சோதனை இது, எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்தாகவேண்டுமே. உங்கள் வங்கியின் ஆப் ஓடுகிறதா என்று அந்த ஓஎஸ் பயன்படுத்துபவர்களிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டு இறங்குங்கள். ஓடாது என்று தெரிந்தால் இரண்டு வழி: சாதாரண ஆண்ட்ராய்டிலேயே இருந்துகொண்டு முடிந்தவரை கதவுகளைச் சாத்துவது, அல்லது பணத்துக்கு மட்டும் ஒரு விலை குறைந்த போன் தனியாக. இரண்டாவது வழியில் அந்தச் சின்னப் போனில் ஒரு படமோ காண்டாக்டோ இருக்கக்கூடாது.

காண்டாக்டும் கேலரியும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள் கடன் ஆப் கொடுமையை நினைத்துப் பாருங்கள். சில ஆயிரம் கடன் கொடுத்துவிட்டு, காண்டாக்ட் பட்டியலையும் படங்களையும் உருவிக்கொண்டு, படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டினார்கள். உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி கொண்டுவந்தது, கடன் ஆப்கள் காண்டாக்டையும் படங்களையும் தொடக்கூடாது என்று கூகுளும் 2023 மே இறுதியிலிருந்து தடை போட்டது. விதிகள் வந்தது நல்லதுதான். அதே சமயம் பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க் வழியாக வரும் ஆப்பை அந்தத் தடை தொடாது. அனுமதி கேட்டு வரும் பெட்டியில் "அனுமதிக்காதே" என்பதை அமுக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

அரசுப் பக்கமும் ஒரு வார்த்தை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 2025 நவம்பர் கடைசியில், இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதுப் போனிலும், தொலைந்த போனையும் மோசடி அழைப்புகளையும் புகார் செய்வதற்கான அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே போட்டுத் தரவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றார்கள். சத்தம் போட்டதால்தான் நின்றது.

சாதாரண ஆண்ட்ராய்டிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு, புதுப் போன் வந்த அன்று நான் உட்கார்ந்து செய்து கொடுப்பதைச் சொல்கிறேன். போட்டோஸ் பேக்கப்பை அணைத்துவிட்டு, இணையமே தொடாத கேலரி ஆப் ஒன்றை, உதாரணமாக ஃபாசிஃபை கேலரியை, எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கிடங்கிலிருந்து போடுகிறேன். விளம்பரக்காரர்கள் நம் போனை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை செட்டிங்ஸில் அழிக்கிறேன். டைம்லைன் என்ற இட வரலாற்றை நிறுத்துகிறேன். கூகுள் மேப் இருக்கட்டும், பக்கத்திலேயே ஆர்கானிக் மேப்ஸோ ஓஎஸ்எம்ஆண்டோ போட்டு தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இறக்கி வைக்கிறேன். கீபோர்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. ஹெலிபோர்டு என்ற கீபோர்டு இணைய அனுமதியே கேட்பதில்லை, தமிழும் அதில் உண்டு. வாட்ஸ்அப்பில் கூகுள் பேக்கப்பை நிறுத்தினால் போனுக்குள்ளேயே தினம் ஒரு பேக்கப் எழுதிக்கொண்டுதான் இருக்கும், அந்த ஃபோல்டரை அவ்வப்போது கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்தால் போதும். கூகுளிலேயே வைக்கத்தான் வேண்டும் என்பவர்கள், நம்மைத் தவிர யாரும் திறக்க முடியாத, 2021-லிருந்து இருக்கும் என்ட்-டு-என்ட் என்கிரிப்டட் பேக்கப்பையாவது ஆன் செய்யுங்கள், அது தானாக ஆன் ஆகி வராது. ஆண்ட்ராய்டு 14-லிருந்து படங்களைக் கேட்கும் ஆப்புக்கு "தேர்ந்தெடுத்தவை மட்டும்" என்று கொடுக்கலாம், முழு கேலரியைத் திறந்துவிடத் தேவையே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. தம்பி புதுப் போன் வாங்கியபோது, "பழசை எக்ஸ்சேஞ்ச்ல போட்டா ரெண்டாயிரம் தர்றாங்கண்ணா" என்றான். "கொடுத்துடாதேடா, அதுல கார்டு ஸ்லாட் இருக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஃபேக்டரி ரீசெட் செய்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், சிம் போடாமல், ஏரோபிளேன் மோடில் வைத்து, பெரிய கார்டு ஒன்றைச் செருகியாயிற்று. நாதஸ்வரக் கச்சேரிகள், அப்பா கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள், ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்திலிருந்து எடுத்த புத்தகங்கள், கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா, நூலகம் தளத்திலிருந்து இறக்கிய ஈழத்துப் பழைய இதழ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இணையத்தையே தொடாததால் அப்டேட் நின்றுபோன கவலை இல்லை, விளம்பரம் இல்லை. அப்பா அதைத்தான் கையில் வைத்திருக்கிறார். பிக்சலில் கார்டு இல்லையே என்ற குறைக்கும் எனக்கு இதுதான் பதில்: ரகசியமானவற்றுக்குக் கார்டு இல்லாத நல்ல போன், மற்றதற்கு நெட் இல்லாத பழைய போன்.

கிளவுட் வேண்டாம் என்று முடிவெடுத்தால் பேக்கப் நம் பொறுப்பு. போன் தொலையும், தண்ணீரில் விழும், கார்டும் ஒருநாள் சொல்லாமல் செத்துப்போகும். எதிலும் ஒரே பிரதியாக விடாதீர்கள். சிங்திங் என்ற மென்பொருள் வீட்டு வைஃபைக்குள்ளேயே போனையும் கம்ப்யூட்டரையும் ஒத்துப்போக வைக்கும், நடுவில் யாரிடமும் கோப்பு தங்காது. ஆண்ட்ராய்டில் அதன் அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்திங்-ஃபோர்க் என்ற பெயரில் வேறு ஆட்கள் தொடர்கிறார்கள். கேபிளில் எடுப்பவர்கள் போனின் யுஎஸ்பி எந்த வகை என்று வாங்கும்போதே பாருங்கள். டைப்-சி ஓட்டை என்பதால் வேகமாக இருக்கும் என்று அர்த்தமில்லை, நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் உள்ளே இருப்பது பழைய யுஎஸ்பி 2.0. அதில் 200 ஜிபி எடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடுத்து வைக்கும் ஹார்டு டிஸ்க்கை வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ட் மென்பொருள் கொண்டு பூட்டிவிட்டு, ஒரு பிரதியை வேறு வீட்டில், தங்கை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வையுங்கள்.

இன்னொன்று, சர்வீஸ் சென்டர். டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும்போது "பின் நம்பர் எழுதிக் கொடுங்க" என்று கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது, நாமும் ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கவேண்டாம். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று இருக்கிறது, ஆன் செய்தால் உங்கள் படங்கள், மெசேஜ், ஆப் எதுவும் தெரியாத வெறும் போனாக அவர்களுக்குத் திறக்கும், திரும்பி வந்ததும் உங்கள் பின் போட்டால் எல்லாம் பழையபடி வரும். கொடுப்பதற்கு முன் பேக்கப் எடுத்துவிட்டு, சிம்மையும் கார்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மோட் இல்லாத போன் என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்தே கொடுங்கள். அது முடியாத அளவுக்குப் போன் உடைந்திருந்தால், முன்னால் உட்கார்ந்து பழுது பார்க்க அனுமதிக்கும் கடையைத் தேடிப் போங்கள்.